கொழுப்பமிலத்தின் பூர்வீகம்

நிந்தவூர்க் கடைகளில் விற்கும் பிஸ்கட் பொதியின் பின்புறத்தில் 471 என்ற எண் இருந்தால், அது எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் மோனோ, டைகிளிசரைட்டு எனப்படும் கொழுப்பமிலச் சேர்மங்களைக் குறிக்கும். ஆனால் அவை பாம் எண்ணெயிலிருந்து வந்தவையா, மாட்டுக் கொழுப்பிலிருந்தோ பன்றிக் கொழுப்பிலிருந்தோ வந்தவையா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

காபன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து நிற்க, அதன் ஒரு முனையில் அமிலத் தன்மை தரும் காபொட்சில் கூட்டம் அமைந்த மூலக்கூறே கொழுப்பமிலம். இவற்றுள் மூன்று ஒரு கிளிசரோலோடு இணைந்தால் கொழுப்பு அல்லது எண்ணெய் உண்டாகும். அதைக் காரத்தோடு காய்ச்சினால் சவர்க்காரம் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 காபன் கொண்ட லோரிக் அமிலம். 18 காபன் கொண்ட ஸ்டியரிக் அமிலமோ கொக்கோவிலும் உண்டு, பன்றிக் கொழுப்பிலும் உண்டு, தூய்மையாக்கிய பின் இரண்டுக்கும் கட்டமைப்பில் வேறுபாடு இல்லை. அப்படியானால் ஹராம் எனும் இஸ்லாமியத் தடை பொருளில் இருக்கிறதா, அதன் பூர்வீகத்தில் இருக்கிறதா?

அசுத்தமான பொருள் இயல்பு மாறி வேறொன்றாவதை ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டவியல் ‘இஸ்திஹாலா’ என்கிறது. உப்பளத்தில் விழுந்த கழுதை உப்பாகவே மாறிவிட்டால் அந்த உப்பு சுத்தமானது என்பது ஹனபி சட்டப்பிரிவின் அறிஞர்கள் காட்டும் உதாரணம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் எனும் சட்டப்பிரிவோ, மது தானாக வினாகிரியாவது, செத்த பிராணியின் தோல் பதனிடப்படுவது போன்ற சிலவற்றுக்கு மேல் இதை விரிப்பதில்லை. 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் மாநாடு, பன்றிக் கொழுப்பிலிருந்து ஆன சவர்க்காரத்தைச் சுத்தமென ஏற்றது. தன்மை மாறாத கொழுப்பு சேர்ந்த உணவை ஏற்கவில்லை.

இரசாயனவியல் இங்கே ஷாபிஈ எச்சரிக்கையின் பக்கமே சாய்கிறது எனலாம். உப்பில் கழுதையின் எதுவும் மிஞ்சுவதில்லை. 471இலோ மிருகம் தன் உடலில் கட்டிய காபன் சங்கிலி பெரும்பாலும் அறுபடாமலே பிஸ்கட்டுக்குள் வந்து சேர்கிறது, மாறுவது கிளிசரோலோடு அது கொண்ட பிணைப்பு மட்டுமே. இந்த அளவுகோலைக் கடைசிவரை பிடித்தால் சவர்க்காரமும் தப்பாது என்பது உண்மைதான், ஆயினும் முன்னோர் பார்த்தது அணுவை அல்ல; பெயரையும் நிறத்தையும் சுவையையும்தான்.

மாட்டுக் கொழுப்பு இக்கேள்வியை இன்னும் ஆழமாக்குகிறது. மீனுக்கு அறுப்பு வேண்டாம், ஆகவே அதன் எண்ணெயில் சிக்கலில்லை. மாடோ ஹலாலான, அதாவது மார்க்கம் அனுமதித்த, பிராணியாயினும் முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும், அப்படி அறுத்ததற்கும் தானாகச் செத்ததற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கொழுப்பமிலமும் சுமந்து வருவதில்லை. ஆகவே ஆய்வுகூடத்தால் சில வேளை பன்றியைக் கண்டுபிடிக்க முடிந்தாலும் அறுப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அதை அறுத்தவரின், விற்றவரின் சாட்சியத்தைக் கொண்டே அறிய வேண்டியிருப்பதால்தான் ஹலால் சான்றிதழ் வழங்குவோர் மூலப்பொருள் வந்த வழியைக் கேட்கிறார்கள்.