படுக்க இடமும் கூலியில் ஒரு பங்கே

திருகோணமலைத் துறைமுகத்தின் ஒரு பகுதியான சீனன்குடாவில் 1980ஆம் ஆண்டு முதல் கோதுமை மா ஆலை இயங்கி வருகிறது. கப்பலில் வந்திறங்கும் கோதுமை மாவாகி, லொறிகளில் நாடெங்கும் செல்கிறது. சீமெந்தும் இப்பகுதியிலிருந்து அவ்வாறே செல்கிறது. இத்தகைய பாரங்களைச் சுமந்து வீட்டை விட்டு நாட்கணக்கில் திரியும் சாரதிக்கும் உதவியாளருக்கும் பல இரவுகளில் லொறியே வீடாகிவிடுகிறது. ஆசனத்தின் பின்னே ஒரு பலகை, ஒரு நுளம்புவலை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கான் தண்ணீர்: குடித்தனம் இவ்வளவுதான்.

"விடுதிக் காசு மிச்சம்; நல்ல சிக்கனம்" என்று இதைப் புகழ்வோர் உண்டு. அப்படியானால் மிச்சமாகும் அந்தக் காசு யாருடைய பையில் சேருகிறது? முதலாளி தங்குமிடச் செலவைக் கொடுத்து, தொழிலாளி அதைப் பிள்ளையின் படிப்புக்கென மிச்சம் பிடித்தால் அது அவனுடைய சிக்கனம், பாராட்டத்தக்கது. அச்செலவு கொடுபடாமலே அவன் லொறியில் படுக்க நேர்ந்தால், மிச்சம் பிடிப்பவர் வேறொருவர். ஒருவனுடைய பொறுமையைக் கணக்கில் வைத்து மற்றவர் இலாபம் காண்பதற்குச் சிக்கனம் என்று பெயரிடலாகாது.

நம் கடற்கரை இதை முன்பே அறிந்திருந்தது. தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். கிடுகுக் கூரைதான், ஆயினும் வாடி இல்லாமல் தொழில் தொடங்குவதில்லை. வலையும் வள்ளமும் போலவே படுக்கும் இடமும் தொழிலின் தேவையாக எண்ணப்பட்டது. வெளியிடத்திலிருந்து வரும் தொழிலாளரை வெறும் உற்பத்திக் கருவிகளாக அன்றி மனிதராக நடத்தவேண்டும், அவர்கள் தகுந்த உறைவிடம் பெற உதவவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் போதித்தது.

தானே விரும்பி ஏற்கும் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. கந்தளாய், ஹபரணை வழியே செல்லும் வீதியில் இரவில் யானைகள் குறுக்கிடும். எதிரே பஸ் நிறையப் பயணிகள் வருவர். அரைத் தூக்கத்தில் சுக்கானைப் பிடிப்பவன் தன் உடலை மாத்திரம் வருத்தவில்லை. முன்பின் அறியாத குடும்பங்களையும் ஆபத்துக்குள்ளாக்குகிறான். அவனுடைய உறக்கத்தில் அவர்களுக்கும் உரிமை உண்டு.

முதலாளியின் கடமையைச் சொல்லிவிட்டு வீட்டாரின் கடமையை மறந்துவிடலாகாது. மாத முடிவில் காசு வந்ததா என்று கேட்கிறோம். அதைத் தேடியவர் எங்கே படுத்தார், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேட்கிறோமா? வீட்டுக்காக வீட்டை விட்டுப் போனவரை, அனுப்பும் தொகையை மட்டும் வைத்து அளந்தால், அவரைக் கருவியாக எண்ணும் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. பண்டிகைக்கு ஒரு புது உடுப்புக் குறைந்தாலும் குறையட்டும். அவர் ஓர் இரவு கால் நீட்டி உறங்கட்டும் என்று சொல்லக்கூடிய குடும்பமே அவருக்கு மெய்யான வீடு.