அருமை எதில் உளது?

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிலோ குறிகட்டுவானிலோ படகேறியே ஊர்சேர வேண்டும். அதன் ஒழுங்கைகளுக்கு ஒரு சைக்கிள் போதும். அத்தீவில் பிறந்து கனடாவில் வாழும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது, அமெரிக்கக் கார் ஒன்றின் படத்தைக் காட்டி நெடுநேரம் பேசினான். 1971ஆம் ஆண்டுப் பிளைமவுத் ஹெமி குடா, கூரை மடக்கும் வகை, 7 லீற்றர் இயந்திரம், 425 குதிரைவலு. அவ்வாண்டில் அத்தகையன ஏறத்தாழ 11 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2014இல் 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. வாங்கவோ ஓட்டவோ இயலாத ஒன்றில் இத்துணை விருப்பம் ஏன் என்றேன்.

"அருமையான கார், மாமா" என்றான்.

அச்சொல்லே சிந்தனைக்குரியது. அருமை என்பது கிடைத்தற்கரிய தன்மையையும் சிறப்பையும் ஒருங்கே குறிக்கும். இரண்டும் ஒன்றாமோ? அக்கார் அரிதானமைக்குக் காரணம், அன்று அதனை வேண்டியோர் மிகச் சிலர் என்பதே. இயந்திரத்தின் விலை அதிகம். காப்புறுதிக் கட்டணமோ இளைஞர் தாங்கவியலாதது. மடக்குக் கூரையை நாடுவோரும் குறைந்துவந்தனர். அன்று வேண்டப்படாத அதே இரும்புதான் இன்று போற்றப்படுகின்றது.

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் ஆகியன அவ்வாறு அரியன அல்ல. மொறிஸ் மைனர் மட்டும் 16 இலட்சம் செய்யப்பட்டது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிட்டாதபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகையும் நாற்றமும் சொல்லுந்தரமல்ல. தீவை விட்டு யாழ்நகரில் தங்கியிருந்த நாளில், நள்ளிரவில் என் தாயாரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றது அத்தகைய ஏ 40 ஒன்றே. சாரதி மருந்துப் போத்தலில் பொத்திவைத்திருந்த பெற்றோலை அன்று செலவிட்டார். "இவ இடையிலை நிண்டதில்லை, தம்பி" என்றார். அக்கூற்று இன்றும் காதில் ஒலிக்கின்றது.

இதனால் மருமகனின் விருப்பத்தை வெறும் ஆடம்பரமெனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. இயந்திரத்தின் ஒலியையும் உடலின் வளைவையும் அவன் உண்மையாகவே சுவைக்கின்றான். ஆயினும் ஒன்று கேட்டேன்: "நாளைக்கே இதேபோலப் பத்தாயிரம் செய்து விட்டால்?"

சற்று யோசித்தான். "அப்பவும் பிடிக்கும். ஆனால் உங்களுக்குப் படம் காட்டியிருக்க மாட்டன்."

அவன் விடையின் நேர்மை என்னையும் சோதித்தது. அம்மாவை ஏற்றிச் செல்லாதிருந்தால் அந்த ஏ 40ஐ நான் திரும்பிப் பார்த்திருப்பேனா? மாட்டேன். என் அருமையும் இரும்பில் இல்லை. ஆனால், பிறரிடம் அது இல்லாமை என் அன்புக்கு வேண்டியதன்று. அன்று வீதியெங்கும் ஏ 40கள் ஓடின, அதனால் அதன் மதிப்பு எனக்கு எள்ளளவும் குறையவில்லை.

இவற்றை அவனிடம் சொன்னேன். அம்மம்மாவை ஏற்றிய காரின் படம் இருக்கிறதா என்று கேட்டான். அந்நாளில் யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.