கறையும் கூலியும்

2022 செப்டம்பரில் நொய்டாவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற விலையுயர்ந்த காரின் மீது பெட்ரோல் ஊற்றி ஒருவர் தீ வைத்தார். அந்தக் கேமராக் காட்சி நாடு முழுக்கக் கைபேசிகளில் ஓடியது. அவர் அந்த வீட்டில் டைல்ஸ் பதித்தவர். கூலிப் பாக்கியைத் தரவில்லை என்றார் அவர். பாக்கியே கிடையாது என்றார்கள் வீட்டார். போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. தீ வைத்தது குற்றம், அதில் பேச்சே இல்லை. ஆனால் பார்த்தவர்கள் காரின் விலையைப் பேசிய அளவுக்குக் கூலிப் பாக்கியைப் பேசவில்லை. இதுதான் மனத்தை உறுத்துகிறது. ஏனென்றால் காரும் நெருப்பும் இல்லாமல் இதே வழக்கு நம் ஊர்த் தெருக்களில் தினமும் நடக்கிறது.

வேலை முடிந்த அன்றே கூலி கைக்குப் போய்விட வேண்டும். தரையில் கறை இருக்கிறது, மாடியில் குப்பை கிடக்கிறது என்பதைக் காட்டி முழுப் பாக்கியையும் பிடித்து வைப்பது அறம் ஆகாது.

பெயின்ட் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் முடிகிற வரை வீட்டுக்காரர் கண்ணில் எதுவும் படாது. கடைசித் தவணை கேட்கிற அன்றுதான் எல்லாம் தெரியும். சுவிட்ச் போர்டு ஓரத்தில் பட்டி ஒட்டியிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் துளிகள் இருக்கும். மொட்டை மாடியில் காலி வாளிகள் உருண்டு கிடக்கும். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். காய்ந்துவிட்டால் தகடு வைத்துச் சுரண்ட வேண்டும், முதுகு ஒடிந்துவிடும். “இதையெல்லாம் சரி பண்ணுங்க, பணத்தை அப்புறம் பார்க்கலாம்” என்பார் வீட்டுக்காரர். சரி பண்ணின பிறகும் அந்த ‘அப்புறம்’ வராது. போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

மேஸ்திரியால் அப்படி ‘அப்புறம்’ சொல்ல முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குப் பட்டுவாடா நடந்தே தீர வேண்டும். வீட்டுக்காரர் கொடுக்காத பணத்தை அவர் வட்டிக்கு வாங்கிக் கொடுப்பார், அல்லது ஆட்களிடம் கடன் சொல்வார். கடைசி நாளில் குனிந்து தரையைச் சுரண்டி, சாக்கில் குப்பை அள்ளி, படி படியாக இறக்கியது பெரும்பாலும் சித்தாள் பெண்தான். பாக்கி நின்றால் முதலில் அடி விழுவதும் அவள் கூலியில்தான். சுத்தம் போதவில்லை என்று சொல்லி, சுத்தம் செய்தவள் வயிற்றிலேயே கை வைக்கிறோம்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சிமென்ட் பால் படிந்த மார்பிளில் ஆசிட் ஊற்றிப் பளபளப்பையே தின்னக் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டு. கெட்டுப்போனதற்கு உண்டான தொகையை மட்டும் கழித்துக்கொள்ளட்டும், யாரும் மறுக்கப் போவதில்லை. இருநூறு ரூபாய்க் கறைக்கு இருபதாயிரம் ரூபாயை நிறுத்துவதற்குப் பெயர் கணக்கு அல்ல.

சட்டத்தின் தராசும் நேராக இல்லை. வேலை சரியில்லை என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கூலி வராத பெயின்டர் அங்கே போக முடியாது, அவர் நுகர்வோர் இல்லையே. ஸ்டேஷனுக்குப் போனால் ‘சிவில் மேட்டர்’ என்பார்கள். சிவில் கோர்ட்டுக்குப் போக அவரிடம் இருக்கிற ஆவணம் ஒரு துண்டுச் சீட்டு, அதிலும் வீட்டுக்காரர் கையெழுத்து இருக்காது. சட்டம் கைவிட்ட இடத்தில் மனச்சாட்சிதான் நிற்க வேண்டும்.

நம் முன்னோர் இதில் தடுமாறியதே இல்லை. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை வாணிகத்தில் கொண்டுபோய் முடிக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே அங்கே அவர் கேட்பது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்குவதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் அறியாதவர்கள். விவிலியத்தின் லேவியராகமம் கூலியாளின் கூலி விடியும்வரை முதலாளியிடம் தங்கக் கூடாது என்கிறது. உபாகமம் பொழுது சாய்வதையே கெடுவாக வைக்கிறது. நபிகள் நாயகம் உழைத்தவனின் வியர்வை காயும் நேரத்தைக்கூடத் தவணையாகத் தரவில்லை. மதங்கள் எத்தனையோ விஷயங்களில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. கூலி விஷயத்தில் முட்டல் இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. வைகைக் கரையை அடைக்க வந்திக் கிழவிக்காகக் கூலியாளாய் வந்த சொக்கநாதர், உதிர்ந்த பிட்டைக் கூலியாக முதலிலேயே வாங்கித் தின்றுவிட்டார். வேலையையோ முடிக்கவில்லை. (அட்வான்ஸ் கொடுக்க நம்மவர்கள் பயப்படுவது அன்றைக்கே தொடங்கியிருக்கலாம்.) வந்தி கொடுத்த பிட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கேள்வி கேட்டுப் பிரம்பை ஓங்கியவன் பாண்டியன். அந்த அடி அவன் முதுகிலும் விழுந்தது. வேலையில் குறை வைத்த கூலியாளை அடித்ததற்கே அந்தக் கதி என்றால், வேலையை முடித்துவிட்டு வாசலில் நிற்பவனை அலைய விடுகிறவருக்கு என்ன கதி?

குப்பைப் பிரச்சினையை முதல் நாளே தீர்த்துக்கொள்ளலாம். கூலி பேசும்போதே தரையில் படுதா விரிப்பது யார், துடைப்பது யார், இடிபாட்டை அள்ள வண்டி யார் செலவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். 2016-இல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே, கட்டுகிறவரோ இடிக்கிறவரோதான் அந்தக் கழிவுக்கு முதல் பொறுப்பு என்றன. கொத்தனார் தலையில் அதைக் கட்டிவிட்டுத் தெருமுனையில் இரவோடு இரவாகக் கொட்டச் சொல்வது இரட்டைப் பாவம்.

புதுமனை புகுவிழாவில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் பெயின்டருக்கும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்து மரியாதை செய்கிறோம். பாக்கி வைத்துக்கொண்டே அந்தத் தாம்பாளத்தை நீட்டும் வீடுகள் எத்தனை! அடுத்த மாதம் பால் காய்ச்சப் போகிறவர்கள் முந்தின நாளே கணக்கை முடித்துவிடுங்கள்.