சிறைப்பட்டோரின் சாட்சி

1962-ஆம் ஆண்டு நவம்பரில், ஸ்டாலின் காலத்துச் சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலும் எட்டாண்டுகளைக் கழித்தவரான ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனித்ஸின், இவான் தெனீஸவிச் என்னும் கைதியின் ஒரே ஒரு நாளைக் கதையாக்கி 'நோவி மிர்' என்ற மாஸ்கோ சஞ்சிகையில் வெளியிட்டார்.

பாதரட்சைக்குள் செருகிவைத்த கரண்டி, மெத்தைக்குள் தைத்து ஒளித்த ரொட்டித் துண்டு, உறைபனியில் கட்டி எழுப்பிய சுவர், பகல் வேளையில் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்த இன்னொரு கிண்ணக் கஞ்சி ஆகிய இவற்றுக்குமேல் அக்கதையில் பிரமாதமான சம்பவம் ஏதுமில்லை. ஆயினும், பாம்பின் கால் பாம்பறியும் என்றபடி, முகாம்களிலிருந்து உயிர்தப்பி மீண்டவர்கள் அந்த அற்ப விவரங்களிலேயே தங்கள் வாழ்வைக் கண்டுகொண்டு, ஆசிரியருக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள்.

கொடுங்கோன்மை உடலை வதைப்பதோடு திருப்தியடைவதில்லை; 'நீ பட்டதைச் சொன்னாலும் நம்புவாரில்லை' என்ற அவநம்பிக்கையையும் மனத்தில் விதைத்துவிட்டே ஓய்கிறது. அந்த அவநம்பிக்கையைக் களைவதே சிறை இலக்கியத்தின் தர்மம். அனுதாபத்தைக் காட்டிலும் அங்கீகாரமே துயருற்றவனுக்குப் பெரிய ஆறுதல். தன் அனுபவம் பிறிதொருவர் எழுத்தில் பிசகின்றி நிற்பதைக் கண்டவன், தானும் வாய்திறக்கத் துணிகிறான். 1973-இல் பாரிஸில் பிரசுரமான சோல்ஷெனித்ஸினின் 'குலாக் தீவுக்கூட்டம்' என்னும் மகாநூல், அவ்விதம் துணிந்தவர்கள் உட்பட 227 பேரின் சாட்சியங்களைத் தாங்கி உருவானது என்பதை எண்ணும்போது, நல்ல நூலொன்று வாசகனையே சாட்சியாக்கிவிடும் என்பது விளங்கும்.