அளவுகோல் முதலில்

ஒரு செயல் சரியா தவறா என்று தீர்மானிக்கும் அளவுகோலை எப்போது வகுப்பது, செயலுக்கு முன்பா பின்பா? மென்பொருள் துறையில் இதற்கு ஒரு பதில் உண்டு. நிரலை எழுதுமுன் அதற்கான சோதனையை எழுது என்பது, கென்ட் பெக் 1990களின் இறுதியில் பரப்பிய முறை. அதன் முதல் விதி விசித்திரமானது: எழுதிய சோதனை முதலில் தோற்க வேண்டும். இன்னும் எழுதப்படாத நிரலையே அது தேறியதாகச் சொன்னால், அது எதையுமே சோதிக்கவில்லை. தோல்வியைக் கண்ட பிறகுதான், அதைத் தேறவைக்கும் அளவுக்கு நிரல் எழுதுவார்கள். இதை வெறும் தொழில் நுணுக்கம் என்று விட்டுவிட முடியாது. அறத்தைப் பற்றிய கேள்வி இதில் இருக்கிறது. வேலையை முடித்தவன் மனம் நடுநிலையில் நிற்பதில்லை. செய்ததற்கு ஏற்ப அளவுகோலை அது வளைத்துக்கொள்ளும்.

தமிழ்ச் சிந்தனைக்கு இந்த வரிசை புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் சமயவாதிகளைக் கேட்கும் மணிமேகலையிடம் முதலில் பேசுபவர் அளவைவாதி; எதைக் கொண்டு ஒன்றை உண்மை என்று ஏற்பது என அவர் அடுக்கிய பிறகே மற்றவர்களின் கடவுளும் உலகமும் வருகின்றன. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியாரிலும் அருணந்தி சிவாசாரியார் அளவைகளை வகுத்துவிட்டே சைவ சித்தாந்தத்தை நிறுவுகிறார். நியாயம் எளிது: கொள்கையை முடிவுசெய்துவிட்டுச் சான்று தேடினால் எதற்கும் சான்று கிடைக்கும்.

இலங்கையின் சப்ரகமுவ மலைத்தோட்டங்களில் இந்த வரிசை உயிர்ப் பிரச்சினை. 2016 மே மாத மழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயம் எனும் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். நள்ளிரவு மழையில், தூங்கும் பிள்ளைகளையும் கட்டிய மாட்டையும் பார்த்துக்கொண்டு முடிவெடுப்பவருக்கு "கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கே" என்றுதான் தோன்றும். வெயில் நாளில் எழுதிவைத்த எண்ணுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. முடிவை முன்கூட்டி எழுதுவது பற்றுக்கு இடம் கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். பற்று புகுந்து கெடுப்பது தீர்ப்புச் சொல்லும் நேரத்தை. தீர்ப்பின் விதியை முன்னரே எழுதித் தன் கையைவிட்டுப் போகவிட்டவன் அந்த நேரத்தில் தன்னை விலக்கிக்கொள்கிறான். இன்னொரு மறுப்பும் உண்டு. சோதனை பிழை இருப்பதைக் காட்டுமே தவிர இல்லாததை நிறுவாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சொன்னதும் மெய்தான். 75க்குக் குறைந்த மழையிலும் மலை சரியலாம். அதனால்தான் தேறிய சோதனையை உண்மை என்று கொண்டாடக் கூடாது. அடுத்த முறைக்கு முன் அதைத் திருத்த வேண்டும், நடுவில் அல்ல.

கடினமான மறுப்பு தோட்டத்திலிருந்தே வருகிறது. பறிக்கும் தேயிலைக் கொழுந்துக்கும் முன்கூட்டியே அளவு உண்டு. பல தோட்டங்களில் நாளுக்கு 18, 20 கிலோ என்று வைத்திருக்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. முன்பே வகுத்தது அநியாயத்தைத் தடுத்ததா? தடுக்கவில்லை. ஆனால் அநியாயம் நுழையும் வழியைப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசில் ஏற்றிய பிறகு சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழிக்கிறார்கள். காலையில் சொல்லாத விதி மாலையில் பிறக்கிறது. அதோடு, கொழுந்து பறிப்பவர் மட்டுமே தோற்கக்கூடிய சோதனை அது. பற்றையேறிய மலையைக் கொடுத்த நிர்வாகம் எந்தக் கிலோவிலும் தோற்பதில்லை. ஆகவே முன்கூட்டி வகுப்பது மட்டும் போதாது. அளக்கப்படுபவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அளப்பவரும் அதில் தோற்க முடிய வேண்டும். 150 மில்லிமீற்றரில் வெளியேறு என்று லயத்துக்குச் சொல்லும் விதி, வெளியேறியவர் தங்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று தோட்டத்தையும் அரசையும் அதே எண்ணால் கேட்டால்தான் நியாயமான விதி.