நினைவில் நில்லாத நாள்

டோக்கியோ நகரின் வடபகுதியில் நிப்போரி என்றொரு ரயில் நிலையம் உண்டு. அதன் வடக்கு வாயிலை ஒட்டியுள்ள பாலத்தின்மீது நின்று கீழே நோக்கினால், 14 தண்டவாளங்கள் அருகருகே செல்வதைக் காணலாம். புறநகர் வண்டிகள், தொலைதூர வண்டிகள், ஷின்கான்சென் எனப்படும் அதிவேக வண்டிகள் என்று ஒன்று மறைவதற்குள் இன்னொன்று வந்துகொண்டேயிருக்கும். சிறு குழந்தைகளைத் தோளில் தூக்கிவந்து வேடிக்கை காட்டும் பெற்றோரை அங்கே எந்நாளும் பார்க்கலாம்.

ஜப்பானில் பத்து நாள் விடுமுறையைக் கழித்த இந்தியக் குடும்பம் ஒன்று, கடைசி நாளன்று காலையில் இந்தப் பாலத்திற்கு அருகே ஒரு விடுதியில் இருந்தது. கணவன், மனைவி, இரண்டரை வயது மகன். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மாலையில் நரிதா விமான நிலையத்திலிருந்து தாயகம் திரும்ப வேண்டும். இடையில் இருந்தவை ஐந்தாறு மணி நேரமே. அதை அசகுசாவிலுள்ள சென்சோஜி ஆலயத்திற்கென ஒதுக்கியிருந்தனர். ஏழாம் நூற்றாண்டில் தோன்றியதாக மரபு கூறும் அந்தப் புத்த ஆலயமே டோக்கியோவின் மிகப் பழைய கோயில். அதன் முன்வாயிலில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்கின்கீழ் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. மூவராக நிற்கும் கடைசிப் படம் அது. அடுத்த பயணத்தில் அவர்கள் நால்வராக இருப்பர்.

அது செர்ரிப் பூக்கள் மலரும் பருவமன்று, நவம்பர் மாதம். நல்லதாயிற்று. அந்தப் பூக்கள் உதிர்வதைக் கண்டால் நிலையாமை பற்றிப் பேசாமல் இருப்பது எவருக்கும் கடினம்.

மகனோ கோயிலுக்கு வர மறுத்தான். வந்திறங்கிய அன்று மாலையில் அந்தப் பாலத்திலிருந்து பார்த்த வண்டிகளை அவன் மறக்கவில்லை. "ரயில் பார்க்கணும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கணவர் பொறுமையானவர், கடிந்து பேசவில்லை. மனைவியிடம் மட்டும், "இவனுக்கு இதில் எதுவும் நினைவிருக்கப் போவதில்லை. நமக்குத்தான் இருக்கும். நாமாவது பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவோம்" என்றார்.

சாதாரணமாகச் சொல்லப்பட்ட சொல்தான். பெற்றோர் பலரும் ஒருமுறையேனும் சொல்லியிருக்கக்கூடியது. ஆனால் அத்தாய்க்கு அது வேறோரிடத்தில் தைத்தது. ஊரில் அவளுடைய தந்தை மறதி நோயால் பீடிக்கப்பட்டிருந்தார். ஞாயிறுதோறும் அவள் அவரைக் காணச் செல்வாள். ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்து, கஞ்சி ஊட்டி, நகம் வெட்டிவிட்டு எழுவாள். அவள் படியிறங்குவதற்குள் அவள் வந்ததே அவருக்கு மறந்துவிடும். உறவினர் ஒருவர் அக்கறையோடு இதே வாக்கியத்தைத்தான் அவளிடம் சொல்லியிருந்தார்: "அவருக்கு நினைவிருக்கப் போவதில்லையே, இந்த நிலையில் நீ ஏன் அலைய வேண்டும்?"

நினைவில் வைத்துக்கொள்ள இயலாதவருக்குச் செய்வது வீணா? ஒரு காலை நேரத்தை எப்படிக் கழிப்பது என்ற சின்னஞ்சிறு கேள்விக்குள் இப்படியொரு பெரிய கேள்வி ஒளிந்திருந்தது.

கணவர் கூறியதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மூன்று வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளை வளர்ந்தபின் எவரும் பெரும்பாலும் நினைவுகூர்வதில்லை என்பது உளவியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. பணமும் நேரமும் உடல்வலிமையும் அளவோடுதான் இருக்கின்றன. பயன் எங்கே தங்குமோ அங்கே செலவிடுவதுதானே அறிவுடைமை? ஆனால் இந்த வாதம் சொல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒன்று உண்டு: அனுபவத்தின் மதிப்பு, அது விட்டுச்செல்லும் நினைவில் இருக்கிறது என்பதே அது.

இதைச் சோதித்துப் பார்க்க, இன்பத்தை விட்டுத் துன்பத்தை எடுத்துக்கொள்வது நல்லது. துன்பத்தின் எதிரே வாதங்கள் விரைவில் தம் நிறத்தைக் காட்டிவிடும். 1980-கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய மயக்கமருந்து தராமலேயே அறுவை சிகிச்சை செய்யும் வழக்கம் இருந்தது. மயக்கமருந்தின் ஆபத்தைப் பற்றிய அச்சம் ஒரு காரணம். சிசுவின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, அது வலியை உணராது என்ற நம்பிக்கை இன்னொன்று. அவற்றோடு மூன்றாவதாக ஒரு காரணமும் சொல்லப்பட்டது: உணர்ந்தாலும் அதற்கு நினைவிருக்காது. இந்த வழக்கம் ஏற்கத்தக்கதன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் வெளிப்படையாக அறிவித்தது 1987-இல்தான்.

இதைப் படிக்கையில் உடல் பதறுகிறது. ஏன்? நினைவிராத வலியும் வலிதான் என்பதை நெஞ்சம் வாதமின்றியே அறிந்திருக்கிறது. அப்படியானால் நினைவிராத மகிழ்ச்சியும் மகிழ்ச்சிதானே? துன்பத்திற்கு ஒரு தராசும் இன்பத்திற்கு வேறொரு தராசும் வைத்துக்கொள்ள முடியாது.

நம் தத்துவ மரபினர் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருந்தனர். அனுபவம் வேறு, ஸ்மிருதி எனப்படும் நினைவு வேறு என்று அவர்கள் பிரித்தனர். நையாயிகர்கள் ஒருபடி மேலே சென்று, நினைவை மெய்யறிவின் வகைகளுள் சேர்க்கவே மறுத்தனர். நினைவு தானாக எதையும் காண்பதில்லை. முன்பு கண்டதைத் திரும்பக் கொண்டுவருகிறது, அவ்வளவே. நிழல் தன் வடிவத்தை மரத்திடமிருந்து பெறுகிறது. நிழல் விழாத நண்பகலில் மரம் இல்லாமற் போவதில்லை. அந்த வேளையில் மதிப்பற்றதாக இருந்த ஒன்றை நினைவு மதிப்புள்ளதாக ஆக்கிவிடாது. மதிப்புள்ளதாக இருந்த ஒன்றை மறதி மதிப்பற்றதாக்கவும் இயலாது. மேலும், நினைவும் எத்தனை நாளைக்கு? நினைப்பவனோடு அதுவும் போகிறது. நினைவில் தங்குவதுதான் பயன் என்றால், மண்ணில் எவருக்கும் எப்பயனும் இல்லை என்றே முடிக்க வேண்டியிருக்கும்.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் 'இச்சிகோ இச்சியே' என்றொரு தொடர் வழங்குகிறது. வாழ்நாளில் ஒரே ஒரு சந்திப்பு என்பது அதன் பொருள். அதே விருந்தினர் நாளையே வரலாம். ஆயினும் இன்றைய சந்திப்பு இன்றோடு முடிந்தது என்ற உணர்வோடு தேநீர் வழங்க வேண்டும். இக்கருத்தை விரித்து எழுதியவர் ஈ நாவோசுகே. அவர் துறவியல்லர்; நாட்டின் ஆட்சிப் பொறுப்பில் உயர்ந்த பதவி வகித்தவர். எதிரிகள் பலரைச் சம்பாதித்து, 1860-இல் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் எதோ கோட்டை வாயிலுக்கு வெளியே வெட்டிக் கொல்லப்பட்டார். விருந்தினர் விடைபெற்றதும் கதவைச் சாத்திவிட்டுப் பாத்திரங்களை ஒழிக்கத் தொடங்கிவிடக் கூடாது என்கிறார் அவர். விருந்தளித்தவர் அறைக்குத் திரும்பி, கொதிகலத்தின் முன் தனியே சற்று அமர வேண்டும். இன்றைய சந்திப்பு இனி வாராது என்பதை எண்ண வேண்டும்.

இதிலும் ஒரு கேள்வி எழும். தனியே அமரும் அவருக்கு நினைவு இருக்கிறதே, அதுவே இல்லாத குழந்தைக்கும் முதியவருக்கும் இது எப்படிப் பொருந்தும்? ஆனால் அங்கே நினைக்கும் கடமை யாருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தேநீர் அருந்தியவருக்கன்று, வழங்கியவருக்கு. அருந்தியவர் அன்றிரவே அதை மறந்துவிடலாம். அதனால் வழங்கியதில் குறை ஏதுமில்லை.

ஜப்பானில் கருவுற்றதைப் பதிவுசெய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உள்ளூர் நிர்வாகம் 'தாய்சேய் கையேடு' ஒன்றைத் தருகிறது. 1942-இல் கர்ப்பிணிகளுக்கான கையேடாகத் தொடங்கியது, 1948-இல் குழந்தையையும் சேர்த்துக்கொண்டது. கருவின் வளர்ச்சி, பிறந்தபோது இருந்த எடை, போட்ட தடுப்பூசிகள், முதன்முதலாகத் தவழ்ந்த நாள், எல்லாம் அதில் ஏறும். பிள்ளை வளர்ந்து ஆளானபின் அதை அவர் கையிலேயே ஒப்படைக்கும் தாய்மார் உண்டு. தன் வாழ்வின் முதல் பக்கங்களை ஒருவர் தாமே எழுத முடிவதில்லை. வேறொருவர் எழுதிக் காத்துத் தர வேண்டியிருக்கிறது. முடிவுப் பக்கங்களும் பலருக்கு அப்படியே அமைகின்றன. மறதி நோயை மந்தபுத்தி என்று ஒலிக்கும் சொல்லால் குறித்துவந்த அதே நாடு, 2004-இல் அச்சொல்லை அரசு வழக்கிலிருந்து நீக்கி வேறொரு சொல்லை ஏற்றது. பெயர் மாறியதால் நோய் குறைந்துவிடவில்லை. ஆயினும், நினைவிழந்தவர் மதிப்பிழந்தவர் அல்லர் என்பதை ஒரு சமுதாயம் தன் மொழியில் எழுதிவைத்தது சிறிய செயலன்று.

அப்படியானால் குழந்தை கேட்டதையெல்லாம் அந்தந்தக் கணத்திலேயே கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. இருட்டிவிட்டது, குளிர்கிறது, காய்ச்சல் வரும் என்று மறுக்கும் தாய் அவன் நன்மையை எண்ணி மறுக்கிறாள். அங்கே அவன் கணக்கில் இருக்கிறான். 'இவனுக்கு நினைவிருக்காது' என்று மறுக்கும்போது அவன் கணக்கிலிருந்தே விடுபட்டுப் போகிறான். மறுப்பு ஒன்றுதான், காரணம் இரண்டையும் வெவ்வேறாக்கிவிடுகிறது.

அன்று காலை அவர்கள் அசகுசாவுக்குச் செல்லவில்லை. பெரிய விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. மனைவி தந்தையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். கணவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு மகனின் காலணியைத் தேடி எடுத்துவந்தார். உண்மையைச் சொன்னால், வீங்கியிருந்த அவளுடைய கால்களும் அதையே வேண்டின. சிவப்பு விளக்கின்கீழ் எடுக்க நினைத்த படத்தைக் குறித்து அவளுக்கு வருத்தம் இல்லாமலுமில்லை. நன்மையைத் தேர்ந்தவுடன் மனம் நிறைந்துவிடும் என்பது கதைகளில்தான்.

பாலத்தில் இரண்டு மணி நேரம் கழிந்தது. பச்சைக் கோடு போட்ட வண்டிக்கும் நீலக் கோடு போட்ட வண்டிக்கும் மகன் தனித்தனியே பெயர் வைத்தான். ஓட்டுநர் ஒருவர் மேலே நோக்கி ஒலியெழுப்பியபோது அவன் கை தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். தந்தை அவனுடைய இடுப்பைப் பிடித்திருந்தார். தாய் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்த ஒலி, இன்னும் பிறவாத ஒருவரையும் எட்டியிருக்கக்கூடும். ஆறு மாதக் கரு ஓசைகளுக்கு அசைந்து கொடுக்கத் தொடங்கும் பருவம் அது. பிறந்து சில நாட்களேயான குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தம் தாயின் குரலையே நாடுகின்றன என்பதை 1980-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கேட்ட நாள் எது என்று அவை ஒருபோதும் சொல்லப் போவதில்லை.

பிற்பகலில் நிப்போரியிலிருந்தே விமான நிலைய வண்டியில் ஏறினர். கருவுற்றோருக்கு அந்நாட்டு ரயில் நிலையங்களில் தரப்படும் இளஞ்சிவப்புச் சின்னம் அவளுடைய பையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி நகர்வதற்கு முன்பே மகன் உறங்கிவிட்டான். தாயின் மடியில் இப்போது அவனுக்கு இடமில்லை. ஆகவே தலை தந்தையின் மடியிலும் கால்கள் தாயின் வயிற்றை ஒட்டியும் கிடந்தன. உள்ளிருந்து ஓர் அசைவு வந்து அவன் பாதத்தில் தட்டியது. அவன் விழிக்கவில்லை. கணவர் கைப்பேசியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போகும்போது தானும் மகனும் உடன் வரலாமா என்று கேட்டார்.