யார் கையெழுத்து?

தன்னம்பிக்கையை ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பயிற்சி கொடுத்து உண்டாக்க முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையில்தான் இளைஞர் விருதுத் திட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் பெரியது எடின்பரோ கோமகன் விருது. 1956இல் இங்கிலாந்தில் இளவரசர் பிலிப் தொடங்கினார். யோசனை அவருடைய ஆசிரியர் குர்ட் ஹான் தந்தது. இட்லர் ஆட்சியில் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்த யூதர் அவர். இன்று நூறு நாடுகளுக்கு மேல் நடக்கிறது, இந்தியாவிலும் உண்டு. 14 முதல் 24 வயதுவரை சேரலாம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. தொண்டு, உடற்பயிற்சி, ஏதாவது ஒரு திறன், மூட்டை சுமந்து ஒரு நடைப்பயணம். யாரோடும் போட்டி கிடையாது, முடித்தவர் எல்லாருக்கும் விருது. ஒருத்தன் முதலாவதாக வர மற்ற பிள்ளைகள் எல்லாம் தோற்கணும் என்கிற நம்ம பள்ளிக்கூடத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் சேரிப் பிள்ளையிடம் குறைவது தன்னம்பிக்கைதானா?

எங்கள் பக்கம் ஒரு தொண்டு நிறுவனம் ஆளுமைப் பயிற்சி முகாம் நடத்தியது. நிமிர்ந்து நடக்கணும், எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசணும் என்றார் பயிற்சியாளர். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், ஊர்த்தெருவுல அப்படி நடந்தா அடிப்பாங்களே, அப்ப என்ன சார் பண்றது?" அவர் சிரித்துவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போய்விட்டார். அத்தனை பேர் நடுவில் எழுந்து அதைக் கேட்டவனுக்கா தைரியம் இல்லை?

விறகுக்கட்டும் தண்ணீர்க்குடமும் சுமந்தே வளர்ந்த பிள்ளைக்கு நடைப்பயணம் எதற்கு என்று நம் தோழர்கள் சிலர் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விறகு சுமப்பது விதிக்கப்பட்டது. தானாக ஆசைப்பட்டு ஒரு கஷ்டத்தை ஏற்கும் உரிமைதான் நமக்கு மறுக்கப்பட்டது. 1953 எவரெஸ்ட் குழுவின் தலைவர் ஜான் ஹன்ட்தான் இந்த விருதுக்கு முதல் இயக்குநர். அதே எவரெஸ்டில் 2014 மே 25 அன்று இரண்டு மாணவர்கள் ஏறினார்கள். 13 வயது மாலாவத் பூர்ணா, பழங்குடிக் கூலிக் குடும்பத்துப் பெண். ஆனந்த் குமார், தலித் பையன். இருவரும் இன்றைய தெலங்கானாவின் அரசு சமூகநல உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். "உன்னால் முடியும்" என்று சொன்னதோடு யாரும் நிற்கவில்லை. புவனகிரிப் பாறையில் பயிற்சி, பூட்ஸ், கயிறு, செலவு எல்லாம் கிடைத்தது. அதன் பிறகுதான் முடிந்தது.

எனக்கு உறுத்துவது தொண்டுப் பகுதி. வசதியான வீட்டுப் பிள்ளை கையில் துடைப்பம் எடுத்தால் சேவை. நம்ம பிள்ளையைத்தான் பள்ளிக் கக்கூசைக் கழுவச் சொல்லி ஏற்கெனவே அனுப்புகிறார்களே! அதே துடைப்பத்தைத் தொண்டு என்று கொடுத்தால் அவனுக்கு அது எதைக் கற்றுக்கொடுக்கும்?

எங்கள் இரவுப் பள்ளியில் பத்தாவது படிக்கும் பெண்கள் இரண்டு பேர், சுடுகாட்டுப் பாதை கேட்டு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி மனு எழுதினார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நான்கு தடவை காத்துக் கிடந்தார்கள். தொண்டு, திறன், பயணம் மூன்றும் அதில் இருக்கிறது. விருதுப் புத்தகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் பெரியவர் ஒருவர் மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் இதற்கு யார் போடுவார்? பாதையை மறித்து வேலி போட்டிருக்கிறவர்தான் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.